வீட்டுப் பிரஷர் வாஷர் பராமரிப்பு: குழாயிலிருந்து நாசில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு முன் முற்றத்தையும் மதில் சுவரையும் கழுவலாம் என்று, ஐந்து மாதங்களாக மாடிப்படிக்குக் கீழே கிடந்த எங்கள் பிரஷர் வாஷரை ஒரு முறை வெளியே எடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் அடித்தொண்டையில் உறுமுவது போல ஓர் ஒலி வந்ததே தவிர, மோட்டார் சுழலவில்லை. பழுது பார்ப்பவர் பம்பைப் பிரித்துக் காட்டினார். மூன்று பிஸ்டன்களிலும் சுண்ணாம்பு பூசியது போல உப்பு படிந்திருந்தது. ரப்பர் சீல்கள் அந்த உப்போடு சேர்ந்து உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கடைசியாகக் கழுவிய நாளில் உள்ளே நின்றுவிட்ட போர் தண்ணீர்தான் பம்பைக் கெடுத்திருந்தது. அதன் பிறகு இந்த இயந்திரத்தைக் கவனிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறுகிறதோ, அந்த வரிசையிலேயே ஒவ்வொரு பாகத்தையும் பார்க்கிறேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது.

இங்கே சொல்வது 1400 முதல் 2000 வாட் வரையுள்ள, வீட்டு மின்சாரத்தில் ஓடும் வகைக்குப் பொருந்தும். பெட்ரோலில் ஓடும் வகையைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

மோட்டாரின் முனையில் சாய்வாகப் பொருத்திய ஒரு தட்டு சுழல்கிறது. அந்தச் சாய்வினால் மூன்று சிறு பிஸ்டன்கள் மாறி மாறி உள்ளே அழுந்தியும் வெளியே வந்தும் தண்ணீரைத் தள்ளுகின்றன. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தண்ணீரை உள்ளே விடும் வால்வு ஒன்றும் வெளியே விடும் வால்வு ஒன்றும் உண்டு. 10 மீட்டர் உயரமுள்ள நீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அப்படியென்றால் 100 பார் என்பது ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரின் அழுத்தம். அதைத் தாங்கி நிற்பவை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ரப்பர் சீல்கள். ஒரு மணல் துகளோ உப்புப் பொருக்கோ அந்தச் சீலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிக்கினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 130 பார், 150 பார் என்பவை உச்ச அழுத்தம். வேலை செய்யும்போதுள்ள அழுத்தம் அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், அந்த எண்ணோடு ஒப்பிட்டு இயந்திரம் பலம் குறைந்துவிட்டதாக முடிவு செய்ய வேண்டாம்.

முதல் படி: உள்ளே வரும் தண்ணீரை அளந்து பார்ப்பது

பிரஷர் வாஷர் தண்ணீரை உண்டாக்குவதில்லை. வருகிற தண்ணீரை நெருக்கி அனுப்புகிறது. வரத்து குறைந்தால் அது காற்றையும் சேர்த்து இழுக்கும். அப்போது பம்புக்குள் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து, வால்வையும் சீலையும் அரிக்கும். நம் வீடுகளில் இது அடிக்கடி நேரக் காரணம் மேல்நிலைத் தொட்டி. ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியில் உள்ள தொட்டியிலிருந்து தரைமட்டக் குழாய்க்கு வரும் அழுத்தம் 0.5 பாரைச் சுற்றித்தான் இருக்கும். மாடியிலேயே தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கழுவினால் அதுகூடக் கிடைக்காது.

இதைச் சோதிக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். இயந்திரத்தில் மாட்டும் அதே ஹோஸை 10 லிட்டர் வாளிக்குள் விட்டு, குழாயை முழுவதும் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 60 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது என்று பொருள். இயந்திரத்தின் தகட்டில் நிமிடத்துக்கு 6 அல்லது 7 லிட்டர் என்று எழுதியிருந்தால் இந்த வரத்து தாராளம். 90 விநாடிக்கு மேல் ஆனால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, குழாய் வாயில் உப்பு அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே இயந்திரத்தை மாட்ட வேண்டும். தோட்டத்துக்குப் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் உறிஞ்சும்போது தட்டையாகிவிடும். நூல் பின்னல் உள்ள அரை அங்குல ஹோஸையே பயன்படுத்துங்கள்; இரு முனைகளிலும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். தண்ணீர் சொட்டாத இணைப்பு வழியாகக்கூடக் காற்று உள்ளே போகும் என்பதால், கையால் இழுத்தால் அசையும் எந்த இணைப்பையும் அப்படியே விட வேண்டாம்.

வாளியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தண்ணீர் எடுக்கும் வசதி எல்லா இயந்திரங்களிலும் இல்லை. இருந்தாலும் அரை மீட்டருக்கு மேல் உயர்த்தி இழுக்க வைக்காதீர்கள். உறிஞ்சு குழாயை முதலில் தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி, உள்ளே காற்றில்லாமல் நிரப்பிய பிறகு மாட்ட வேண்டும். அதன் முனையில் வலையும் ஒருவழி வால்வும் சேர்ந்த உறிஞ்சு வடிகட்டி இருக்க வேண்டும். வாளியின் அடியில் மண்டி தங்கும் என்பதால், அந்த முனை அடியைத் தொடாமல் கட்டி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல இயந்திரங்களின் கையேட்டில் உள்ளே வரும் நீரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். சித்திரை, வைகாசி நடுப்பகலில் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வரம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரியும். கோடையில் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது இயந்திரத்துக்கும் நல்லது, கழுவுகிறவருக்கும் நல்லது.

இரண்டாம் படி: நுழைவாயில் வடிகட்டி

தண்ணீர் ஹோஸ் மாட்டும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் மூட்டைத் திருகிக் கழற்றினால், உள்ளே விரல் நுனி அளவில் கூம்பு வடிவ வலை ஒன்று இருக்கும். இந்தச் சின்ன வலை கிழிந்தால் பம்புக்கு வேறு காவல் இல்லை. சிறிய பிளையரால் மெதுவாகப் பிடித்து வெளியே இழுத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, பழைய பல் தூரிகையால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்பப் பொருத்துங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் மாதம் ஒரு முறை போதும். போர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு முறையும் பார்ப்பதே சரி, முக்கியமாக மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பிய சற்று நேரத்திலேயே கழுவத் தொடங்குவதாக இருந்தால். அப்போது மணல் கலங்கி வரும். உள்ளே தெரியும்படி கண்ணாடி போன்ற கிண்ணம் உள்ள ஒரு தனி வடிகட்டியைக் குழாய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவே மாட்டுவது, என் அனுபவத்தில் இந்த இயந்திரத்துக்காகச் செய்யும் கூடுதல் செலவுகளில் மிகவும் பயனுள்ளது.

மூன்றாம் படி: தொடங்கும் முறையும் நிறுத்தும் முறையும்

இது பராமரிப்பு இல்லை, பயன்பாடு என்று தோன்றலாம். ஆனால் சீல்களின் ஆயுள் இந்தச் சில நிமிடங்களைத்தான் நம்பியிருக்கிறது. எல்லா இணைப்பையும் மாட்டியதும் சுவிட்சைப் போடாமல் குழாயை மட்டும் திறந்து, ஸ்ப்ரே கன்னின் ட்ரிகரை அழுத்திப் பிடியுங்கள். முதலில் காற்றும் தண்ணீரும் துப்பித் துப்பி வரும். பிறகு சீராக ஒழுகும். அந்தச் சீரான ஒழுக்கு வந்த பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விட்டால் சீல்கள் உராய்ந்து சூடேறிக் கருகும்.

வேலை முடிந்ததும் முதலில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பிறகு குழாயை மூடி, தண்ணீர் வருவது நிற்கும் வரை ட்ரிகரை அழுத்துங்கள். மோட்டார் நின்ற பின்னும் உயர் அழுத்த ஹோஸுக்குள் அழுத்தம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் இணைப்பைக் கழற்றினால் இணைப்பில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் பிய்ந்து வரும், தண்ணீர் முகத்திலும் அடிக்கும். சோப்பு நுரை பயன்படுத்தியிருந்தால், அந்தப் பாட்டிலில் நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் அடித்துவிட்ட பிறகே நிறுத்த வேண்டும். உலர்ந்த சோப்பு, உறிஞ்சும் குழாயின் சின்னஞ்சிறு வால்வை அடைத்துவிடும்.

நான்காம் படி: உப்பைப் பம்பில் தங்க விடாமல் செய்வது

இந்திய குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500, தண்ணீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை இருப்பதை அனுமதிக்கத்தக்கதாகவும் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீர் 1500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்த பின் பம்பிலும் ஹோஸிலும் 100 மில்லிலிட்டர் தண்ணீர் நின்று வற்றினால், 150 மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கும். பத்து முறை இப்படி விட்டால் ஒன்றரை கிராம். அது படியும் இடம் சீலின் உதடும் வால்வின் இருக்கையும்.

ஆகவே உப்புத் தண்ணீரில் கழுவினால், கடைசி ஒரு நிமிடம் உப்பில்லாத தண்ணீரை உள்ளே ஓட விடுங்கள். வாளியிலிருந்து உறிஞ்சும் இயந்திரமானால் ஒரு வாளி மழைநீர் போதும். மழைநீர் இல்லாத மாதங்களில் நான் ஏ.சி. யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து, வேட்டித் துணியில் இரு முறை வடிகட்டிப் பயன்படுத்துகிறேன். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்பு மிகவும் குறைவு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் மூலத் தண்ணீரைவிட உப்பு அதிகம். வாளியிலிருந்து உறிஞ்சாத இயந்திரம் என்றால், மாநகராட்சிக் குழாயோடு ஒரு நிமிடம் மாட்டி ஓட்டினாலும் நல்லதே.

அதன் பின் தண்ணீர் ஹோஸையும் உயர் அழுத்த ஹோஸையும் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் நீர் வெளியேறும் வரை இயந்திரத்தைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தெரியலாம். ஈரம் இருக்கும் சில விநாடிகள் சீலைக் கெடுப்பதில்லை. தண்ணீர் வருவது நின்ற அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும் என்பதே இதில் முக்கியம்.

எவ்வளவு நன்றாக வடித்து வைத்தாலும் ரப்பர், பல மாதங்கள் ஒரே இடத்தில் உலோகத்தை அழுத்திக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறை தண்ணீரோடு இரண்டு நிமிடம் ஓட்டுவதற்கு ஈடான வேறு மருந்து இதற்கு இல்லை. நான் அமாவாசைக்கு வாசல் கழுவும் வழக்கத்தோடு இதைச் சேர்த்துக்கொண்டதால் மறப்பதில்லை.

படிந்த உப்பைக் கரைக்கிறேன் என்று சொல்லிக் கழிவறை கழுவும் அமிலத்தையோ, பிளீச்சிங் பவுடர் கரைசலையோ பம்பின் வழியாக ஓட்டாதீர்கள். வீட்டு இயந்திரங்களில் பம்பின் தலை பெரும்பாலும் அலுமினியம் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக். அமிலம் அலுமினியத்தை அரிக்கும், குளோரின் ரப்பரைக் கெடுக்கும்.

ஐந்தாம் படி: நாசில்

தண்ணீர் பீய்ச்சி வெளிவரும் முனையான நாசிலின் துளை ஏறக்குறைய 1 மி.மீ. அளவுதான். அதில் ஓரத்தில் ஒரு துகள் ஒட்டினால் விசிறி போல விரிய வேண்டிய நீர் ஒரு பக்கமாகச் சாயும். பாதி அடைத்தால் இயந்திரம் அதிர்ந்து துடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் நீளும் குழாயான லான்ஸைக் கழற்றி, இயந்திரத்தோடு தந்த ஊசியை முன்பக்கத்திலிருந்து செலுத்தி, பிறகு பின்னோக்கித் தண்ணீர் பாய்ச்சுங்கள். அந்த ஊசி தொலைந்திருந்தால் மெல்லிய தையல் ஊசி உதவும். ஆணியும் துளையிடும் பிட்டும் துளையைப் பெரிதாக்கிவிடும். துளை பெரிதானால் அழுத்தம் நிரந்தரமாகக் குறையும். உப்பு இறுகியிருந்தால், கழற்றிய நாசிலை மட்டும் பாதி வினிகரும் பாதி தண்ணீரும் கலந்த கிண்ணத்தில் அரை மணி நேரம் போட்டுக் கழுவுங்கள்.

அழுத்தம் குறைந்ததாகத் தோன்றினால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, லான்ஸைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து ட்ரிகரை அழுத்துங்கள். ஸ்ப்ரே கன்னிலிருந்து தண்ணீர் தாராளமாக ஒழுகினால் குறை நாசிலிலோ பம்பிலோ இருக்கும். அங்கேயே மெலிந்து வந்தால் குறை தொட்டி, ஹோஸ், வடிகட்டி இவற்றில்தான். முனையைத் திருகி அழுத்தத்தை மாற்றும் லான்ஸ் என்றால், அது குறைந்த அழுத்த நிலையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழுது என்று கடைக்குக் கொண்டுபோன பின் இது தெரிய வந்தவர்களை நான் அறிவேன்.

ஆறாம் படி: ஓ-ரிங்குகளும் உயர் அழுத்த ஹோஸும்

வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் ட்ரிகரை விட்டதும் மோட்டார் தானே நின்றுவிடும். ட்ரிகரைத் தொடாமலே மோட்டார் சில விநாடிகளுக்கு ஒரு முறை ஓடி ஓடி நின்றால், உயர் அழுத்தப் பகுதியில் எங்கோ கசிவு இருக்கிறது. கசிந்து அழுத்தம் குறையும்போதெல்லாம் சுவிட்ச் மோட்டாரை எழுப்புகிறது. இணைப்புகளுக்குக் கீழே உலர்ந்த அட்டையை வைத்துப் பார்த்தால் எந்த இணைப்பு என்று தெரிந்துவிடும். நாசில் நுனியில் சொட்டினால் ஸ்ப்ரே கன்னின் உள்வால்வு; வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பம்புக்குள் உள்ள ஒருவழி வால்வு.

கசிவைத் தேடக் கையைப் பயன்படுத்தாதீர்கள். ஹோஸில் உள்ள ஊசித் துளையிலிருந்து வரும் நீர் தோலைத் துளைத்துத் திசுவுக்குள் புகும். வெளியே சிறு புள்ளிக் காயமாகத்தான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே அழுக்கும் கிருமியும் போயிருக்கும். அப்படி நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, உயர் அழுத்த நீர் பாய்ந்த காயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஹோஸ் புடைத்திருந்தாலோ, மேலுறை கிழிந்து உள்பின்னல் தெரிந்தாலோ மாற்றுவது ஒன்றே வழி. டேப் சுற்றி ஒட்டவைக்க முடியாது.

ஓ-ரிங் தட்டையாகவோ வெடிப்பாகவோ இருந்தால் பழையதையே கையில் எடுத்துப்போய் அதே அளவும் அதே தடிமனும் உள்ளதை வாங்குங்கள். பொருத்தும்போது சிலிக்கான் கிரீஸைத் துளி அளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். வண்டிக்குப் போடும் கிரீஸ் சில வகை ரப்பரை ஊதச் செய்யும். புதிய ஹோஸ் வாங்குவதானால் எம்22 என்ற மரை அளவு ஒன்றே போதாது. அதே மரையில் உள்முனை 14 மி.மீ. உள்ளதும் 15 மி.மீ. உள்ளதும் உண்டு. மரை சரியாகத் திருகும், ஆனால் அளவு மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

ஏழாம் படி: மின் பகுதி

1800 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். அதனால் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டாமல், எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். அந்த இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் 10 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 30 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி வேண்டும். சுருளை முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுற்றியபடி விட்டால் சூடேறும். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் நிறுத்திப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பாயிண்டின் உள்பற்றுகள் தளர்ந்திருக்கின்றன. மாலை வேளையில் மின்னழுத்தம் 207 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் ஊர்களில் அந்த நேரத்தைத் தவிர்ப்பது மோட்டாருக்கு நல்லது.

எடை குறைந்த, சத்தம் மிகுந்த இயந்திரங்களில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். காற்றுத் துளைகள் வழியே வழக்கத்துக்கு மாறாகப் பொறி தெரிந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, ஓட்டம் விட்டு விட்டு வந்தாலோ பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஏறக்குறைய 5 மி.மீ. க்குக் கீழே தேய்ந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். கனமான, அமைதியாக ஓடும் இன்டக்ஷன் மோட்டாரில் இந்த வேலையே இல்லை.

பெட்ரோல் வகை வைத்திருப்பவர்களுக்கு

இதில் ட்ரிகரை விட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். ஆகவே இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ட்ரிகரை விட்டு வைக்க வேண்டாம். எண்ணெய் மாற்றும் வசதியுள்ள பம்புகளில் முதல் 50 மணி நேர ஓட்டத்துக்குப் பின் எண்ணெயை மாற்றும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பம்பில் எண்ணெய் அளவைக் காட்டும் கண்ணாடியில் எண்ணெய் பால் கலந்தது போலத் தெரிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, சீல் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்துவதற்கு முன் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள்.

எடுத்து வைக்கும்போது

ஹோஸை இறுக்கி மடிக்காமல் பெரிய வளையங்களாகச் சுற்றித் தொங்கவிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெடிக்கும். தண்ணீர் நுழைவாயில், வெளிவாயில், ஸ்ப்ரே கன்னின் முனை ஆகிய மூன்றையும் மூடியாலோ துணியாலோ அடையுங்கள். திறந்த துளையைக் கண்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். அந்த மண் அடுத்த முறை நேராக வால்வுக்குப் போகும். மின்கம்பியை எலி கடிக்காத உயரத்தில் சுற்றி வைத்து, வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முழு நீளத்தையும் பிளக்கில் மாட்டும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருப்பவர்கள் உறைபனிக் காலத்தில் பம்பை முழுவதும் வடித்து வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது விரிந்து பம்பின் தலையைப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த தலையை ஒட்டவைக்க முடியாது, பம்பையே மாற்ற வேண்டியிருக்கும்.